உன் நைனா காத்திருந்த விதம்

ஜோயலுக்கு, அம்மா எழுதுவது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுத உட்கார்ந்தேன். இன்று கிருத்திகை. மலைக்கோயிலுக்குப் போகிற வண்டிகளின் சத்தம் காலையிலிருந்து ஓயவில்லை. தெருவில் நடக்க இடமில்லாததால் வீட்டிலேயே இருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிருபாவும் படிக்கட்டும். அவளிடம் மறைக்க இதில் ஒன்றுமில்லை. உன்னிடம் இத்தனை வருடம் மறைத்து வைத்ததுதான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன். கிருபாவுக்கு ஆறாவது மாதம் பிறந்துவிட்டதே, அவள் அம்மாவும் நானும் ஓசூருக்கு வந்து, வீட்டில் ஒரு ஜெபம் வைத்து, நாலு வளையல் போட்டுவிட்டு, வகைக்கு ஒன்றாகச் சாதம் கிளறிக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்றேன். நீ, "வேணாம்மா. இப்ப யாரும் சந்தோஷப்பட வேணாம். கையில வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். நான் கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் மாதத்தில் ஒன்று, ஐந்தாம் மாதத்தில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் நீ. இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு அவளைப் படுக்கையிலேயே வைத்திருக்கிறார்கள். முப்பது வருடம் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸாக இருந்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாமல் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கிருபா போன் செய்தாள். "அத்தை, ரெண்டு பேரும் பேசிக்கறதே கொறஞ்சி போச்சி. அவரு காலண்டரை மட்டும் பாத்துகினு இருக்காரு" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பிள்ளையைப் பற்றியல்ல, உங்கள் இரண்டு பேரைப் பற்றி.

ஏனென்றால் நீ சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது. வார்த்தைக்கு வார்த்தை அதையே நான் உன் நைனாவிடம் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லி ஒரு வருடத்தைப் பாழாக்கினேன். உனக்கு அது தெரியாது. அப்போது நீ பத்தாம் வகுப்பு முடித்திருந்தாய். நைனாவின் இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்று தெரிந்த அதே மாதத்தில் உன்னை அரக்கோணத்துச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நல்ல பள்ளிக்கூடம், ரயில் வசதி என்றெல்லாம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம், அவர் நாளுக்கு நாள் கறுத்து மெலிவதை நீ பார்க்கக் கூடாது என்பதுதான். அவர் வேண்டாமென்று சொன்னார். "புள்ள பக்கத்துல இருக்கட்டுமே" என்றார். நான் கேட்கவில்லை. உனக்கும் அவருக்கும் மிச்சமிருந்த நாட்களில் பெரும்பகுதியை நான் பிடுங்கிக்கொண்டேன். அதற்கு உன்னிடம் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

வாரம் இரண்டு நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு அவரை ரயிலில் அழைத்துப் போவேன். எனக்குச் சர்க்கரை இருந்ததால் என் சிறுநீரகத்தை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பம் மனமுவந்து கொடுத்தால் கிடைக்கும் என்று சொல்லி, அதற்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்தார்கள். "எப்ப வேணா கூப்பிடுவோம். போனை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து அந்தப் போன்தான் என் கடவுள். குளிக்கப் போனால் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவேன். யாராவது கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசினால் எரிந்து விழுவேன். ஆலயத்தில் பாடகர் குழுவை விட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக் காலத்து ஞாயிறுகள் நாலும் வந்து போயின. வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. உன் நைனா பரணிலிருந்து அந்தக் காகித நட்சத்திரத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன்: "இப்ப எதுக்குங்க சந்தோஷம்? கையில வந்தப்புறம் பாத்துக்கலாம்." அவர் அதை மறுபடி மடித்து வைத்தார்.

உன் நைனாவை நீ அறிவாய். பதினெட்டு வருடம் மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சாமி கும்பிட்டு இறங்குகிறவர்கள் பஞ்சாமிர்தம் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிவந்து பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார். உடம்பு போன பிறகு அவரைப் பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று கட்டளை. அந்த வெயிலில் ஒரு சின்னப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் குடித்தபடி பயணிகளுக்குப் பதில் சொல்லுவார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ஆத்திரம் வரும். இவருக்கு நிலைமை புரியவில்லை என்று நினைத்தேன். புரியாதவள் நான்தான் என்று தெரிய ஒரு விபத்து வேண்டியிருந்தது.

இனி எழுதப்போவதை நான் இதுவரை உன் நைனாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வருடம் ஒரு நாள், வேலை தொடர்பான கூட்டத்துக்குப் போய்விட்டுத் திருவள்ளூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கனகம்மாசத்திரம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ரோட்டில் கூட்டம். ஒரு பையன் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் கிடந்தான். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. நான் இறங்கி, நர்ஸ் என்று சொல்லிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கழுத்து அசையாமல் தலையை இரண்டு கைக்குள் பிடித்துக்கொண்டேன். நாடி இருந்தது. ஒரு கண்மணி மட்டும் விரிந்திருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்தேன். அந்த நேரத்தில், பின்னால் வேறு பைக்கில் வந்திருந்த அவன் கூட்டாளியிடம், "இவன் இன்னா பிளட் குரூப்பு?" என்று கேட்டேன். எந்த நர்ஸும் கேட்கக்கூடிய கேள்விதான். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் நான் எதற்குக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். "ஓ பாசிட்டிவ்ங்க நர்ஸம்மா" என்று அவன் அழுதுகொண்டே சொன்னான். உன் நைனாவுக்கும் அதே குரூப்தான். ஜோயல், அந்தப் பிள்ளையின் ரத்தம் என் புடவையில் ஊறிக்கொண்டிருந்தபோது, என் மனதுக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

இரண்டு நாள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், அந்தப் பக்கத்துக் கிராமத்தில் வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி, அவனுக்குத் தலையில் ஆபரேஷன் ஆகி, கண் விழித்து, அம்மாவை அடையாளம் கண்டுகொண்டான் என்று போனில் சொன்னாள். "நீங்க தலையைப் புடிச்சிகினு இருந்ததாலதான் அக்கா பொழச்சான்" என்றாள். நான் சிரித்தேன். போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்தது ஏமாற்றம். ஒரு தாயின் பிள்ளை பிழைத்ததற்கு ஏமாற்றம். எத்தனையோ பிரசவத்துக்குத் துணை நின்ற கை இது. அன்று அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அந்த பைக்குல வுழுந்த பையன் பொழச்சிகினானாம்."

"ஆங், ஸ்தோத்திரம். நல்லது தானே ஜோயலம்மா."

"எனக்கு நல்லதா படலைங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பிளட் குரூப் கேட்டது வரை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் சொன்னார்: "நாம எவன் சாவுக்கும் காத்துகினு இல்ல. சாவு நாம கேட்டா வருது? அது தன்னால வரும். வந்த வீட்ல, அழுதுகினு இருக்கற நேரத்துல, யாரோ ஒருத்தரு, முன்ன பின்ன தெரியாதவனுக்காகக் கையெழுத்துப் போடறாங்க பாரு. அந்த மனசுக்குத்தான் காத்துகினு இருக்கோம். அந்த மனசு கர்த்தர் குடுக்கறது. அதுக்குக் காத்துகினு இருக்க வெக்கப்பட வேணாம்." பிறகு, "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அந்தப் பையனைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

நான் மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. அவன் பெயர் லோகேஷ். கனகம்மாசத்திரத்திலிருந்து உள்ளே ஒரு கிராமம். அந்த வாரம் அவன் மருத்துவமனையில்தான் இருந்தான். வீட்டுக்கு வந்த பிறகு, மூன்று வாரம் கழித்துப் போனோம். தலையில் கட்டோடு படுத்திருந்தான். பேச்சு இன்னும் குழறியது. அவன் அம்மா என்னைப் பார்த்ததும் வேறொன்றும் கேட்கவில்லை. நேராக வந்து என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைதானேம்மா புடிச்சிகினு இருந்துச்சி" என்றாள். நான் அழுத அழுகையை அவள் வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். உன் நைனா கட்டிலோரம் உட்கார்ந்து அந்தப் பையனோடு அவன் பைக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மோர் கொண்டுவந்தார்கள். அன்றைய பங்குத் தண்ணீரை அவர் அதுவரை குடிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வீட்டில் ஒரு டம்ளர் முழுதாகக் குடிக்க வேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரிடம் கேட்டேன்: "எப்படிங்க உங்களால முடியுது? வருமா வராதான்னே தெரியாம எப்படி சிரிச்சிகினு இருக்கீங்க?" அவர் சொன்னது இதுதான். "ஸ்டாண்டுல என்னைப் பாத்து எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. பஸ்ஸு எப்ப வரும்? நான் 'வரும்'னு சொல்றதில்ல, 'வந்துகினு இருக்குது'ன்னு சொல்லுவேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது. வரும்னு சொன்னா அவங்க ரோட்டையே மொறைச்சிகினு நிப்பாங்க. வந்துகினு இருக்குதுன்னு சொன்னா, மூட்டையை எறக்கி வெச்சிட்டு, பக்கத்துல இருக்கறவன்கிட்ட எந்த ஊருன்னு கேப்பாங்க. கிட்னி வருமா, எனக்குத் தெரியாது. ஆனா இயேசப்பா எனக்காக வந்துகினு இருக்காரு. அது எனக்குத் தெரியும். கிட்னி வந்தாலும் அவருதான் வருவாரு, வரலைன்னாலும் அவருதான் வருவாரு. வரப்போறது நல்லவருன்னு தெரிஞ்சப்புறம் நான் ஏன் மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு ஒக்காரணும்?"

அவர் வேதம் அதிகம் படித்தவர் இல்லை. பிரசங்கத்தின்போது தூங்கிவிடுவார் என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்ட பிரசங்கங்களில் அந்தப் பஸ்ஸில் கேட்டதுதான் மனதில் நின்றது. நான் அதுவரை காத்திருந்தது ஒரு பொருளுக்கு. பொருளுக்குக் காத்திருக்கும்போது, அது வரும்வரை இருப்பதெல்லாம் இல்லாமை. அவர் காத்திருந்தது ஓர் ஆளுக்கு. வருகிறவர் மேல் அன்பிருந்தால், வீட்டைக் கூட்டுவதும் பாயை உதறிப் போடுவதும்கூட அவரோடு இருப்பதுபோலத்தான். இது எனக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. மெதுவாக, திரும்பத் திரும்ப விழுந்து எழுந்து வந்தது. போன் அடித்தால் முதலில் பதறுவேன். பிறகு, எந்த வீட்டிலிருந்து வருமோ அந்த வீட்டுக்காக ஜெபிக்கப் பழகினேன். மறுபடி பாடகர் குழுவில் போய் நின்றேன். அந்த வருடம் வருகைக் காலத்தின் முதல் ஞாயிறே நட்சத்திரம் கட்டினோம். உன்னைப் பதினைந்து நாள் முன்னதாகவே வரவழைத்தோம். "நம்ம வீட்ல நடந்ததுல அந்தக் கிறிஸ்துமஸ்தாம்மா நல்ல கிறிஸ்துமஸ்" என்று நீ பல தடவை சொல்லியிருக்கிறாய். ஏன் என்று உனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

ஜனவரியில் போன் வந்தது. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், இலையைக்கூட எடுக்காமல் கார் பிடித்துச் சென்னைக்குப் போனோம். ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள், யாருக்கு ஒத்துப்போகிறதோ அவருக்கு வைப்பார்கள் என்பது அங்கே போன பிறகுதான் சொல்லப்பட்டது. இன்னொருத்தி சின்ன வயதுக்காரி, இரண்டு கைக்குழந்தைகளின் தாய். பரிசோதனை முடிந்தது. அவளுக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது என்றார்கள். எங்களைப் போகச் சொன்னார்கள். உன் நைனா எழுந்து, நடைபாதைத் தரையில் உட்கார்ந்திருந்த அவள் கணவனிடம் போய் அவன் தோளைத் தொட்டார். "நல்லபடியா நடக்கும்பா. குடுத்தவங்க வீட்டை மட்டும் மறந்துடாத" என்றார். அவன் நிமிர்ந்து, "உங்களுக்குண்ணா?" என்று கேட்டான். "எனக்கு வந்துகினு இருக்குது" என்றார்.

அவர் அழவில்லை என்று நினைத்துவிடாதே. ரயிலில், திருவள்ளூர் தாண்டியதும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். தோள் குலுங்குவது தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நம்பிக்கை இருக்கிறவனுக்கு வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அரக்கோணம் வந்ததும் திடீரென்று எழுந்து, "எறங்கு, புள்ளையைப் பாத்துட்டுப் போலாம்" என்றார். அன்று சித்தி வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது உனக்கு நினைவிருக்கும். "இன்னா நைனா, திடீர்னு?" என்று கேட்டாய். "சும்மா வந்தோம்டா" என்றார். உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு, உன் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்து, உன் கையெழுத்தைக் கேலி செய்துவிட்டுப் போனார். அன்று அவர் முகத்தில் நீ எதையும் கண்டுபிடித்திருக்கமாட்டாய். அவர் நடிக்கவில்லை. உன்னைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷம் வந்துவிட்டது.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரயிலுக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போலாம் ஜோயலம்மா" என்று கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். இருதயம் நின்றுவிட்டது. இரண்டாவது போன் வரவே இல்லை. நீ வந்து சேர்ந்தபோது, தானத்துக்காகக் கண் எடுக்க வந்தவர்கள் காகிதத்தோடு நின்றிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டதை நீ பார்த்தாய். உறவுக்காரர்கள், "கல்நெஞ்சுக்காரி, கை நடுங்காம போடறா பாரு" என்று பேசிக்கொண்டார்கள். கை நடுங்காததற்குக் காரணம் இருந்தது. எங்கேயோ ஒரு வீட்டில், எங்களைப் போல இரண்டு பேர் எங்கள் வீட்டு மனசுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படி இருந்தவள்தான்.

நீ கேட்கலாம்: கடைசியில் வரவில்லையே, அப்படியானால் அந்தச் சந்தோஷமெல்லாம் வீண்தானே என்று. நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அவரும் என்னைப் போலக் கையில் வரட்டும் என்று இருந்திருந்தால், அவருடைய கடைசி இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவருக்குச் சொந்தமாக இருந்திருக்காது. லோகேஷ் வீட்டு மோர் இருந்திருக்காது. நீ சொல்லும் அந்தக் கிறிஸ்துமஸ் இருந்திருக்காது. அந்தச் சந்தோஷம், வரப்போகிற சிறுநீரகத்தை நம்பி முன்கூட்டியே கொண்டாடியது இல்லை. அது வேறொரு இடத்திலிருந்து வந்தது. அதனால்தான் போன் வராதபோதும் அது போகவில்லை. அவர் யாருக்குக் காத்திருந்தாரோ அவர் வந்தார், அழைத்துக்கொண்டு போனார் என்று நான் விசுவாசிக்கிறேன். ஒரு நாள் எனக்கும் வருவார், உயிர்த்தெழுதலில் உன் நைனாவைப் பார்ப்பேன் என்றும் விசுவாசிக்கிறேன். எனக்கும் வயதாகிறது, முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. ஆனாலும் அந்த நாளை நினைத்தால் கல்யாணத்துக்குப் புறப்படுகிறவள் மாதிரிதான் இருக்கிறது.

இந்தப் பிள்ளை நிச்சயம் பிழைக்கும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். நான் நர்ஸ், பொய் சொல்ல மனம் வராது. நாம் சந்தோஷமாக இருந்தால் கடவுள் மனமிரங்கிக் கொடுத்துவிடுவார் என்பதும் இல்லை. அது பேரம், விசுவாசம் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். முன்னால் போன இரண்டு பிள்ளைகளும் அவர்கள் இருந்த அத்தனை நாளும் உங்கள் பிள்ளைகள்தான். இதுவும் இன்றைக்கு உங்கள் பிள்ளைதான். அதற்கு இன்றைக்கு ஓர் அப்பா வேண்டும். பிறந்த பிறகு இல்லை, இன்றைக்கு.

வியாழக்கிழமை காலை ரயிலில் கிளம்புகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன். வளையலும் சாதமும் உனக்குப் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம். கிருபாவுக்குத் தலை வாரிவிட ஓர் ஆள் வேண்டும். நான் வருவதற்குள் நீ ஒரு காரியம் செய். என் முப்பது வருட வேலையில், பயந்துபோய் வாசலிலேயே நிற்கிற தகப்பன்மாரிடம் நான் சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு. ஆறாவது மாதத்தில் உள்ளிருக்கும் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். அம்மாவின் குரல் அதற்கு எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்பாவின் குரல், அவன் பக்கத்தில் வந்தால்தான் கேட்கும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, வேலை முடிந்து வந்ததும் கிருபாவின் பக்கத்தில் போய் உட்கார், குனிந்து பேசு. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் உன் பெயரை மட்டும் சொல்.

அம்மா